தேவகோட்டைத் தம்பிக்கு: புற்றுநோய் மருத்துவருக்கு விசா எப்படி வருகிறது

தேவகோட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். எம்.டி. ரேடியோதெரபி முடித்து மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மூன்று வருஷமாக வேலை பார்க்கிறாராம். வெளிநாடு போக வேண்டும். விசாவுக்கு ஸ்பான்சர் செய்கிற வேலையை எங்கே தேடுவது, எந்த நாடு நல்லது என்று கேட்கிறார். கடைசியில், "காரைக்குடியில் ஒரு ஏஜென்ட் எட்டு லட்சம் கொடுத்தால் இங்கிலாந்தில் ஸ்பான்சரோடு வேலை என்கிறார், நம்பலாமா அண்ணே?" என்றும் ஒரு வரி.

கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். கொடுக்காதீர்கள், தம்பி. வேலை தேடி வருகிறவரிடமே அதற்குக் காசு வாங்கக்கூடாது என்று பிரிட்டனில் 1973-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். நம் நாட்டிலும், வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கிற முகவர் அரசிடம் பதிவு செய்தவராக இருக்க வேண்டும். அவரும் 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜி.எஸ்.டி., அவ்வளவுதான் வாங்கலாம். பதிவு இருக்கிறதா என்பதை மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் நீங்களே பார்க்கலாம். எட்டு லட்சம் எந்தக் கணக்கிலும் வராது. வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்க ஸ்பான்சர் உரிமம் உள்ள நிறுவனங்களின் பட்டியலை பிரிட்டிஷ் அரசே வெளியிடுகிறது, காசு கொடுக்காமல் படிக்கலாம். ஸ்பான்சர்ஷிப் சான்றிதழ் என்பதும் முத்திரை குத்திய காகிதம் கிடையாது, கணினியில் ஏறுகிற ஒரு எண். அழகாக பிரேம் போட்டு மாட்டுகிற மாதிரி ஒரு தாளை யாராவது நீட்டினால் எழுந்து வந்துவிடுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். நீங்கள் ஸ்பான்சரை முதலில் தேடுகிறீர்கள். மருத்துவர்களுக்கு அது கடைசியில்தான் வரும். நான் இருக்கிற பிரிட்டனில், என்.எச்.எஸ். என்கிற அரசு மருத்துவச் சேவையின் மருத்துவமனைகள் அநேகமாக எல்லாவற்றிடமும் அந்த உரிமம் ஏற்கெனவே இருக்கிறது. வேலைக்கு எடுத்துக்கொண்டால் விசா வேலையை அவர்கள் அலுவலகமே பார்த்துக்கொள்ளும். 2020-ல் வந்த ஹெல்த் அண்ட் கேர் விசாவில் கட்டணமும் குறைவு. மற்றவர்கள் ஆண்டுக்கு 1,035 பவுண்டு கட்டுகிற சுகாதாரக் கூடுதல் கட்டணமும் நமக்குக் கிடையாது. கஷ்டம் அதற்கு முந்தின படியில். டாக்டர்களைப் பதிவு செய்கிற ஜெனரல் மெடிக்கல் கவுன்சிலின் (ஜி.எம்.சி.) பதிவு இல்லாமல் உங்கள் விண்ணப்பத்தை யாரும் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.

அந்தப் பதிவுக்குப் பலரும் எடுக்கிற வழி பிளாப் என்கிற தேர்வு. முதல் தாளைச் சென்னையிலேயே எழுதலாம், இரண்டாவதுக்கு மான்செஸ்டர் வர வேண்டும். எம்.பி.பி.எஸ். மட்டும் முடித்தவருக்கு அது சரி. உங்களுக்கு நான் சொல்ல மாட்டேன். பிளாப் எழுதி வந்தவர்கள் இப்போது ஒவ்வொரு ஜூனியர் இடத்துக்கும் நூற்றுக்கணக்கில் விண்ணப்பித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் உங்கள் எம்.டி.க்குத் தனி மதிப்பு கிடைக்காது. நீங்கள் எழுத வேண்டியது ராயல் காலேஜ் ஆஃப் ரேடியாலஜிஸ்ட்ஸ் நடத்தும் எஃப்.ஆர்.சி.ஆர்., கிளினிக்கல் ஆன்காலஜி பிரிவில். முதல் பகுதியில் புற்றுநோய் உயிரியலும் கதிரியக்க உயிரியலும், மருந்தியல், இயற்பியல், புள்ளியியல். எம்.டி.க்குப் படித்த புத்தகங்கள் பரணில் கிடந்தால் இறக்கிக்கொள்ளுங்கள். முழுவதும் முடித்துவிட்டால் பிளாப் இல்லாமலே பதிவு கிடைக்கும். ஆங்கிலத் தேர்வு மட்டும் தனி: ஐ.இ.எல்.டி.எஸ். என்றால் மொத்தம் 7.5, எந்தப் பிரிவிலும் 7-க்குக் குறையாமல். மருத்துவத் துறையினருக்கான ஓ.இ.டி. என்றால் நான்கு பிரிவிலும் பி கிரேடு. டாக்டர்களுக்கு ஓ.இ.டி. சுலபம் என்பது என் எண்ணம். கேட்பதும் எழுதுவதும் நம் தொழில் சமாச்சாரமாகவே இருக்கும்.

ஒன்றைக் கவனியுங்கள். நம்மிடம் ரேடியேஷன் ஆன்காலஜி எம்.டி., மெடிக்கல் ஆன்காலஜி டி.எம்., அறுவைக்கு எம்.சி.எச். என்று மூன்று தனித்தனிப் பிரிவு. இங்கே கிளினிக்கல் ஆன்காலஜிஸ்ட்தான் கதிர்வீச்சும் கொடுப்பார், கீமோவும் எழுதுவார். மதுரையில் கீமோவை வேறொருவரிடம் விட்டுவிட்டு லீனியர் ஆக்ஸிலரேட்டர் என்கிற கதிர்வீச்சு இயந்திரத்தோடு மட்டும் இருந்தீர்கள் என்றால், கிளம்புவதற்குள் அந்தப் பக்கமும் கை பழகிக்கொள்ளுங்கள். நேர்முகத்தில் அதைத்தான் தோண்டுவார்கள். ஆள் தேவை என்பதில் சந்தேகம் வேண்டாம்: அதே காலேஜின் 2023 கணக்கெடுப்பில் கிளினிக்கல் ஆன்காலஜி நிபுணர்கள் 15 சதவீதம் பற்றாக்குறை. ஆனால் அது நிபுணர் நிலையில் உள்ள பற்றாக்குறை. நீங்கள் வந்து இறங்குவது அதற்குக் கீழே.

ரங்கூனுக்கும் பினாங்குக்கும் போன நம் ஊர் ஐயாக்கள் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, அப்புறம்தான் மேலாள் ஆனார்கள். இங்கேயும் அதே கதைதான். கிளினிக்கல் ஃபெல்லோ, ஸ்பெஷாலிட்டி டாக்டர், பிறகு நிபுணர் நிலையான கன்சல்டன்ட். ஸ்பெஷாலிட்டி டாக்டர் பதவிக்குப் பட்டத்துக்குப் பின் நான்கு ஆண்டு பயிற்சி, அதில் குறைந்தது இரண்டு ஆண்டு அந்தத் துறையில் இருக்க வேண்டும். உங்களுக்கு அது இருக்கிறது, அதையே குறிவையுங்கள். எம்.டி.ஐ. என்ற பயிற்சித் திட்டமும் உண்டு. அது 2 ஆண்டுக்கு மேல் கிடையாது என்பதைத் தெரிந்துகொண்டு வந்தால் நல்ல வாய்ப்பு. வேலை விளம்பரங்கள் என்.எச்.எஸ். ஜாப்ஸ் தளத்திலும் டிராக் தளத்திலும் வரும்.

நிரந்தர கன்சல்டன்ட் ஆக ஜி.எம்.சி.யின் ஸ்பெஷலிஸ்ட் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். வெளியே பயிற்சி பெற்றவர்களுக்கான வழிக்கு 2023 நவம்பர் முதல் போர்ட்ஃபோலியோ பாதை என்று பெயர். நானும் அப்படி ஆவணம் சேர்த்து ஏறியவன்தான். கட்டுக்கட்டாகக் கேட்பார்கள். அதனால் மதுரையில் இன்றே தொடங்குங்கள்: கதிர்வீச்சு படவேண்டிய இடத்தை ஸ்கேனில் நீங்கள் வரைந்த கான்டூர்கள், டாக்டர்கள் கூடி முடிவெடுக்கிற டியூமர் போர்டில் பேசிய கேஸ்கள், சிகிச்சைத் தரத்தைச் சரிபார்த்த ஆடிட், எல்லாம் நோயாளி பெயரை மறைத்து, தலைமை மருத்துவரின் கையெழுத்தோடு. வேலையை விட்ட பிறகு அந்தக் கையெழுத்துக்கு நடையாய் நடக்க வேண்டியிருக்கும்.

அறிவு விஷயத்தில் நம் ஆட்கள் தடுமாறுவதில்லை. தடுமாறுவது பேச்சில். நம் பக்கம் மகன் முதலில் உள்ளே வந்து, "அப்பச்சிக்குத் தெரிய வேண்டாம் டாக்டர், அல்சர்னு சொல்லிடுங்க" என்பார், நாமும் தலையாட்டுவோம். இங்கே நோயாளியின் அனுமதி இல்லாமல் மகனிடம்தான் சொல்ல முடியாது. என்ன நோய், என்ன மருந்து, எந்தப் பக்கவிளைவு அவருக்கு முக்கியம் என்று அவரிடமே பேச வேண்டும்; 2015-ல் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் தந்த மாண்ட்கோமரி தீர்ப்புக்குப் பிறகு அது இன்னும் இறுகிவிட்டது. நேர்முகத்தில் இப்படி ஒரு காட்சியைக் கொடுத்தே பார்ப்பார்கள். இன்னொரு வித்தியாசம், மார்பகம், நுரையீரல் என்று இரண்டொரு உறுப்போடு நின்றுவிடுவீர்கள். எல்லாவற்றையும் பார்த்துப் பழகிய கைக்கு முதலில் அது குறுகலாகத் தெரியும். பில்லைப் பற்றிப் பேச வேண்டாம் என்பதே எனக்குப் பெரிய நிம்மதி.

மற்ற நாடுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வளைகுடாவில் டேட்டாஃப்ளோ என்கிற சான்றிதழ் சரிபார்ப்பு, உரிமத் தேர்வு, பிறகு வேலை கொடுப்பவரே விசா எடுப்பார். சீக்கிரம் போகலாம், வருமான வரி இல்லை, வயதானதும் திரும்பி வர வேண்டியதுதான். ஆஸ்திரேலியாவில் அந்த ஊர்க் கல்லூரி உங்கள் பயிற்சியை எடைபோடும்; மெடிகேர் என்கிற அந்த அரசின் மருத்துவக் காப்பீட்டில் பில் போட, பொதுவாக 10 ஆண்டு ஆள் பற்றாக்குறையுள்ள பகுதிகளில் இருக்கவும் வேண்டியிருக்கும். அமெரிக்கா என்றால் யு.எஸ்.எம்.எல்.இ. உரிமத் தேர்வு, மறுபடி ரெசிடென்சி என்கிற மருத்துவமனைப் பயிற்சி. முப்பது வயதுக்கு மேல் எனக்கு அந்தப் பொறுமை இருந்திருக்காது.

அப்பச்சி, ஆத்தாவைக் கூட்டிவந்து வைத்துக்கொள்ளலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். 2012 ஜூலையில் மாற்றிய விதிக்குப் பிறகு பெற்றோரை பிரிட்டனில் நிரந்தரமாக வைத்துக்கொள்வது ஏறக்குறைய முடியாத காரியம். சுற்றுலா விசாவில் வந்து ஆறு மாதத்துக்குள் திரும்ப வேண்டும். நிரந்தரமாகத் தங்கும் உரிமை நான் வந்தபோது 5 ஆண்டில் கிடைத்தது. 2025-ல் அரசின் வெள்ளை அறிக்கை அதை 10 ஆக்கப் பேசியது. விண்ணப்பிக்கும் நாளில் என்ன விதி என்று பார்த்துக்கொண்டு முடிவெடுங்கள்.

கடைசியாகப் பெயர். பட்டச் சான்றிதழில் இனிஷியலோடும் பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை விரித்தும் இருந்தால், எபிக் என்கிற பட்டச் சான்றிதழ் சரிபார்ப்பிலும் ஜி.எம்.சி.யிலும் இரண்டும் ஒரே ஆள்தானா என்று கேட்டு நிறுத்துவார்கள். பல்கலைக்கழகத்தில் இதைச் சரிசெய்ய மாதக்கணக்கில் ஆகும், அதனால் முதலில் அதை எடுங்கள். நம் ஊர் மெடிக்கல் கவுன்சிலின் நன்னடத்தைச் சான்றைக் கடைசியில் வாங்குங்கள். அது 3 மாதத்துக்குத்தான் செல்லும்.