பாரிசில் இருந்து குளிர்கால ரயில்: கேளுங்கோ, தெரிஞ்சதைச் சொல்லுறன்

நான் பாரிசுக்கு வந்து 21 வருசம். தங்கச்சி கலியாணம் முடிச்சு ஸ்ட்ராஸ்பூரில இருக்கிறாள். அதால ஒவ்வொரு மார்கழியும் (இந்தியாக்காரர் டிசம்பர் என்று வாசிக்கவும்) அந்தப் பாதை எனக்குப் பழக்கம். விசாவும் ஹோட்டல் பேரமும் என்னட்டைக் கேட்கவேண்டாம்.

கோவைக்காரர்: பாரிசில் ஆறு நாள் தங்குறோம், டிசம்பர் நடுவில். ஒரு நாளோ ரெண்டு நாளோ ரயிலில் வெளியே போகணும். அப்பா, அம்மா கூட வர்றாங்க, ரெண்டு பேருக்கும் 68. நீஸ், ஷமோனி, ஸ்ட்ராஸ்பூர் மூணும் லிஸ்ட்ல இருக்கு. எது நல்லது?

ஸ்ட்ராஸ்பூர். மற்ற ரெண்டையும் வெட்டிவிடுங்கோ. நீசுக்கு தேஜேவேயில (அதிவேக ரயில், நீங்கள் டிஜிவி என்பியள்) போகவே ஆறு மணித்தியாலத்துக்குக் கிட்ட. ஷமோனிக்கு தேஜேவே போகாது. சென் ஜெர்வேயில இறங்கி மலையேறுற சின்ன ரயிலுக்கு மாறவேணும். அவ்வளவு பாடுபட்டுப் போய், மேகம் மூடிச்சுதெண்டால் மோன் பிளாங் மலை உங்களுக்கு இல்லை.

ஸ்ட்ராஸ்பூருக்கு ஒன்றே முக்கால் மணித்தியாலம், ஒரே ரயில். 2007இல புதுப் பாதை திறக்க முதல் நாலு மணித்தியாலம் இருந்த பயணம் அது. நீங்கள் கணக்குப் பார்க்கவேண்டியது வெளிச்சத்தைத்தான். அந்த நாட்களில அங்க விடியக் காலமை எட்டேகால், பின்னேரம் நாலரைக்கு இருட்டு. பத்து மணிக்கு ஆறுதலாக வெளிக்கிட்டால் மத்தியானம் போய் இறங்கி அரைப் பகலைத்தான் பார்ப்பியள். எட்டு மணிக்கு முந்தின ரயிலை எடுங்கோ.

ஸ்டேசன் வாசலில திரும்பிப் பாருங்கோ. பழைய கல்லுக் கட்டடத்துக்கு முன்னால பெரிய கண்ணாடிக் கூடு ஒன்று போர்த்தியிருக்கும். அங்கயிருந்து கால்நடையாக கால் மணித்தியாலத்தில பெத்தித் பிரான்ஸ் என்ற பழைய பகுதி. மரச்சட்டம் வெளியில தெரியுற வீடுகள், நடுவில வாய்க்கால். பிறகு தேவாலயம். கோபுரம் 142 மீட்டர், 1874 வரைக்கும் உலகத்திலேயே உயரமான கட்டடம் அதுதான். உள்ளுக்கு ஒரு வானியல் மணிக்கூடு இருக்கு. மத்தியானம் பன்னிரண்டரைக்கு அப்போஸ்தலர் பொம்மைகள் வரிசையாக வர, மேலே சேவல் மூன்று தரம் கூவும். அதுக்குத் தனிச் சீட்டு. அப்பா அம்மாவுக்குக் கட்டாயம் காட்டுங்கோ.

1570இல தொடங்கின நத்தார்ச் சந்தை (கிறிஸ்துமஸ் மார்க்கெட்), லைட் போட்ட பிறகுதான் சந்தை. ஆனபடியால் இருட்டுக்குப் பயந்து ஓடிவராதேங்கோ. கல்லுப் பதிச்ச தெருக்கள், முழங்கால் பிடிக்கும். பெரியவர்களோடு போறதெண்டால் ஒரு இரவு தங்குங்கோ. அடுத்த நாள் உள்ளூர் ரயிலில அரை மணித்தியாலத்தில கொல்மார் என்ற ஊர்.

சிங்கப்பூர் வாசகி: யூரேல் பாஸ் வாங்கலாமா?

பல நாடுகளில ரயிலேற எடுக்கிற அந்தப் பாஸ் ஒரு பயணத்துக்கா? வேண்டாம். பாஸ் இருந்தாலும் தேஜேவேயில சீட்டுப் பதிவுக்கு வேறாகக் காசு. முந்தி எடுத்தால் தேஜேவே மலிவு, கடைசி நேரத்தில எடுத்தால் தலையில கைவைப்பியள். உள்ளூர் ரயிலுக்கு அந்த அவசரம் இல்லை.

மதுரைக்காரன்: கார் து லியோன் ஸ்டேஷன்ல இறங்கினா லியோன் நகரம் பக்கமா?

கார் து லியோன் இருக்கிறது பாரிசில. லியோனுக்குப் போற ரயில் *வெளிக்கிடுற* ஸ்டேசன் அது. லியோனில நீங்கள் இறங்குறது பார் தியூ ஸ்டேசன். ஸ்ட்ராஸ்பூர் ரயில் வெளிக்கிடுறது இந்த ரெண்டிலயும் இல்லை, பாரிசில இருக்கிற கார் து லெஸ்ட் ஸ்டேசனில.

கோவைக்காரர்: 7.20 வண்டின்னா 7.20க்கு ஏறிடலாமில்ல?

இல்லை. புறப்பட ரெண்டு நிமிசத்துக்கு முதல் கதவு பூட்டும். ஒருக்கா மாமியோடு ரயிலைப் பிடிக்க ஓடினன். கதவுக்கு வெளியில நான், கையில முறுக்கு டப்பா. உள்ளுக்கிருந்த ஒரு சின்னப் பெடியன் எங்களுக்குக் கைகாட்டினான். ரயில் போயிட்டுது. பிளாட்பாரம் நம்பர் இருபது நிமிசம் முந்தித்தான் பலகையில விழும், அதுக்கு முதல் வந்து நில்லுங்கோ. சில வேளை ரெண்டு ரயிலைக் கொழுவி ஒன்றாக ஓட்டுவினம். உள்ளால ஒன்றிலிருந்து மற்றதுக்கு நடக்க ஏலாது. உங்கட பெட்டி எதில என்று பார்த்து ஏறுங்கோ.

லண்டன் தம்பி: அக்கா, ரயிலுக்குள்ள புளிச்சோறு சாப்பிடலாமோ?

தாராளமாக. சாப்பாடு கொண்டுபோகத் தடையில்லை.

டொரொன்டோ அண்ணை: பிள்ளை, இது சரியில்லை. பூட்டின பெட்டிக்குள்ள எங்கட மணம் நிண்டு பிடிக்கும். சனம் மூக்கைப் பொத்தும்.

அண்ணை, ஸ்ட்ராஸ்பூர் இருக்கிற அல்சாஸ் பகுதியில முன்ஸ்டர் என்றொரு சீஸ் இருக்கு. பக்கத்துச் சீட்டில ஒரு மனிசி அதைக் கடுதாசியில இருந்து பிரிச்ச நாள், என்ர புளிச்சோறு வெட்கப்பட்டுப் போச்சு.

டொரொன்டோ அண்ணை: அவையின்ர நாடு, அவையின்ர சீஸ்.

எனக்கும் 21 வருச நாடு.

லண்டன் தம்பி: அக்காவுக்கு என்ர வோட்டு. சூடை மீன் பொரியல்?

வோட்டைத் திரும்ப வைச்சிரும். புளிச்சோறு, இட்லி, சம்பல் இல்லாத பாண் (பிரெட்) சரி. மீன் வீட்டில.

திருச்சி வாசகி: நாங்க சைவம். அங்க என்ன கிடைக்கும்?

தார்த் பிளாம்பே என்று மெல்லிய ரொட்டி, மேலே கிரீமும் வெங்காயமும். வழக்கமாகப் பன்றி இறைச்சித் துண்டும் போடுவினம். "சான் லார்தோன்" என்று சொல்லிக் கேளுங்கோ, இல்லாமல் தருவினம். பிரெட்செலும் சுட்ட கஷ்கொட்டையும் சந்தையில வாங்கலாம்.

சென்னை: ஸ்னோ இருக்குமா?

ரைன் ஆற்றுச் சமவெளி அது, மலை இல்லை. மழையும் குளிரும் நிச்சயம், ஸ்னோ அதிர்ஷ்டம்.

திருச்சி வாசகி: ஜெர்மனி பக்கம்தானாமே?

டி என்ற டிராமில ஏறினால் ரைனைத் தாண்டி கேல் என்ற ஜெர்மன் ஊர். 2017இல இருந்து ஓடுது. பாஸ்போர்ட் கையில இருக்கட்டும், எல்லையில சில வேளை சோதிப்பினம்.

மதுரைக்காரன்: ஸ்டிரைக் வந்தா?

வேலைநிறுத்தம் செய்யிற ரயில்காரர் 48 மணித்தியாலம் முதல் அறிவிக்கவேணும், 2007ச் சட்டம். அதால எந்த ரயில் ஓடும் என்று முதல் நாளே தெரிஞ்சிடும்.

பெங்களூர்: 27ஆம் தேதி வர்றோம், மார்க்கெட் இருக்குமா?

ஸ்ட்ராஸ்பூர்ச் சந்தை 24ஓட முடிஞ்ச வருசங்களும் உண்டு. அந்த வருசத் திகதியைப் பார்க்காமல் சீட்டு எடுக்காதேங்கோ.

சேலம்: ஷமோனி ஒரே நாள்ல போயிட்டு வரலாமா?

முதல் பதில்.

மலேசியா: சகோதரி, கார் து லியோன் லியோனில்தானே?

ஐயோ. பாரிசில. பாரிசில.

டொரொன்டோ அண்ணை: அந்த முன்ஸ்டர் இங்க கடையில கிடைக்குமோ?

பாத்தியளோ! வாங்கினால் ரெண்டு பையில சுத்தி வையுங்கோ, பிரிட்ஜில இருக்கிற பாலும் மணக்கும்.

கோவைக்காரர்: 7.20 வண்டிக்கு 7.19க்கு வந்தா?

அப்பா அம்மாவோடு பிளாட்பாரத்தில நிண்டு கைகாட்டுங்கோ.