வூகாமர்ஸில் கடை திறந்தால் பார்சலை அவர்களே வந்து எடுத்துப் போவார்களா, ஷிப்பிங் கட்டணம் யார் கணக்குப் போடுவது?

எடுத்துப் போக மாட்டார்கள். வூகாமர்ஸ் என்பது நம் வெப்சைட்டில் கடை வைக்க உதவும் மென்பொருள்தான், கூரியர் கம்பெனி இல்லை. புதுச்சேரி பக்கம் வில்லியனூரில் எங்கள் டெரகோட்டா பொம்மைகளை ஆன்லைனுக்குக் கொண்டுவந்தபோது நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். வாங்குகிறவர் முகவரியைப் போட்டதும், நாம் ஏற்கெனவே எழுதி வைத்த கட்டணத்தைத் தளம் பில்லில் சேர்க்கும், அவ்வளவுதான். பெட்டி கட்டுவதும் கூரியரில் போடுவதும் நம் வேலை.

கட்டணத்தை ‘ஷிப்பிங் ஸோன்’ என்று இடவாரியாகப் பிரித்து வைக்க வேண்டும். தளம் அந்தப் பட்டியலை மேலிருந்து பார்த்து, பொருந்துகிற முதல் ஸோனோடு நின்றுவிடும், அதனால் பக்கத்து ஊர்கள் மேலே, ‘இந்தியா முழுவதும்’ கடைசியில். நம் பக்கத்து ஆட்கள் கவனிக்க வேண்டியது இங்கேதான். நான் புதுச்சேரி மாநிலத்துக்கு 50 ரூபாய், தமிழ்நாட்டுக்கு 120 என்று போட்டுவிட்டேன். கடலூரிலிருந்து ஒரு அக்கா போன் செய்து, “பஸ் ஏறினா ஒரு மணி நேரம், இதுக்கு எதுக்குத் தம்பி 120?” என்றார். அதே வாரம் ஏனாமிலிருந்து 50 ரூபாய் கட்டணத்தில் ஒரு ஆர்டர் வந்தது, மீதியை நான்தான் கட்டினேன். ஏனாம் இருப்பது ஆந்திராவுக்குள், மாஹே கேரளக் கரையில், ஆனால் தளத்துக்கு இரண்டுமே புதுச்சேரி. அதனால் மாநிலத்தை விட்டுவிட்டு பின்கோடு போடுங்கள். 605*, 607* என்று நட்சத்திரக் குறியோடு கொடுத்தால் அந்த எண்களில் தொடங்கும் ஊர்கள் எல்லாம் வந்துவிடும். விழுப்புரமும் 605தான், அதுவும் நமக்குப் பக்கம்தானே.

அப்புறம் எடை. ஒரு அய்யனார் குதிரை ஒன்றரை கிலோதான் இருக்கும். காது உடையாமல் இருக்க பபிள் ஷீட் சுற்றி, நாலு பக்கமும் வைக்கோல் அடைத்து 40×30×30 செ.மீ. பெட்டியில் வைத்துக் கொண்டுபோனால், கவுன்டரில் டேப் வைத்து அளப்பார்கள். மூன்றையும் பெருக்கி 5000ஆல் வகுத்தால் 7.2 கிலோ. நிஜ எடை, இந்த எடை, இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் காசு. தயவுசெய்து பொருளை மட்டும் தராசில் வைத்துக் கட்டணம் முடிவு செய்யாதீர்கள், பெட்டி கட்டிய பிறகு அளந்து பாருங்கள். வூகாமர்ஸில் ‘ஷிப்பிங் கிளாஸ்’ என்று ஒன்று இருக்கிறது. ‘பெரிய பெட்டி’ என்று பெயர் வைத்து குதிரை, யானை எல்லாவற்றையும் அதில் சேர்த்து, ஒவ்வொரு ஸோனிலும் அதற்குத் தனிக் கட்டணம் கொடுங்கள்.

கடையைத் திறக்கும் முன் நீங்களே ஒரு பொருளை கார்ட்டில் போட்டு கடலூர் 607001, ஏனாம் 533464 இரண்டையும் அடித்துப் பாருங்கள், சரியான ஸோன் வருகிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும்.