குளோரின் கலந்த குளத்தில் பல ஆண்டுகள் நீந்தினால் உடல்நலம் கெடுமா?

வாரம் சில முறை பொழுதுபோக்காக நீந்தும் பெரும்பாலானோருக்கு, முறையாகப் பராமரிக்கப்படும் குளத்தால் நீண்டகாலத் தீங்கு நேர்வதில்லை. நீச்சலின் நன்மையே மிகுதி.

குளோரின் என்பது நீரிலுள்ள கிருமிகளைக் கொல்லச் சேர்க்கப்படும் வேதிப்பொருள். கவனிக்க வேண்டியது அதைவிட, நீந்துவோரின் வியர்வையோடும் சிறுநீரோடும் அது வினைபுரிவதால் உண்டாகும் குளோராமின்களையே. இவற்றுள் ஒரு வகை வாயுவாக வெளியேறி, விடியற்காலை மூடுபனி ஏரியின் மேல் தாழ்ந்து படிவதைப் போல, நீந்துபவர் மூச்சிழுக்கும் உயரத்திலேயே தேங்கி நிற்கிறது. காற்றோட்டமில்லாத உள்ளரங்கக் குளங்களில் இது கூடுதலாகச் சேர்வதால், நாள்தோறும் பல மணி நேரம் பயிலும் போட்டி நீச்சல் வீரர்களிடமும் அங்கே பணிபுரிவோரிடமும் மூச்சுக்குழாய் எரிச்சலும் ஆஸ்துமா போன்ற அறிகுறிகளும் மற்றவர்களைவிட அதிகமாகக் காணப்படுகின்றன. ஆஸ்துமா உள்ளவர்கள் திறந்தவெளிக் குளத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது என்பேன்.

தோலின் இயற்கை எண்ணெய்ப்பசை குறைந்து வறட்சியும் அரிப்பும் வரலாம். நீந்திய உடனே நல்ல நீரில் குளித்தால் இது பெரிதும் தணியும். நீரின் அமிலத்தன்மை மிகுந்தால் பல்லின் மேற்பூச்சும் காலப்போக்கில் அரிக்கப்படும் என்பதால், நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 7.2 முதல் 7.8 வரை இருக்க வேண்டும். நீந்துமுன் ஒவ்வொருவரும் குளித்துவிட்டு இறங்கினாலே குளோராமின் வெகுவாகக் குறையும்.

மூக்கைத் துளைக்கும் ‘குளோரின் வாடை’ குளம் தூய்மையாக இருப்பதற்கு அடையாளம் எனப் பலர் நம்புகிறார்கள். உண்மையில் அது குளோராமினின் வாடை, அழுக்கு சேர்ந்திருப்பதையே அது காட்டுகிறது.