குவாரியில் வாக்கி டாக்கி: கீபேட் லாக் எதைப் பூட்டும், எதைப் பூட்டாது?

கேள்வி: பர்கூர் பக்கம் கிரானைட் குவாரியில் ஆறு பாவ்ஃபெங் யூவி-5ஆர் செட் வைத்திருக்கிறோம். இடுப்பில் மாட்டிக்கொண்டு வேலை பார்க்கும்போது சேனல் தானாக மாறிவிடுகிறது. கீபேட் லாக் எப்படிப் போடுவது? லாக் போட்டுவிட்டால் அவசரத்துக்குப் பேச முடியுமா?

தாராளமாகப் பேசலாம். இந்த செட்டில் லாக் போட்டால் முன்பக்க பட்டன்கள் மட்டும்தான் பூட்டிக்கொள்ளும். பேசுவதற்கு அழுத்தும் பிடிடி, அதே பக்கவாட்டில் இருக்கும் இரண்டு சின்ன பட்டன்கள், மேலே உள்ள வால்யூம் குமிழ் எல்லாம் வழக்கம்போல வேலை செய்யும். வருகிற பேச்சும் கேட்கும்.

போடும் முறை: சாவிப் படம் அச்சிட்ட # பட்டனை இரண்டு விநாடி விடாமல் அழுத்துங்கள். திரையின் மேல் வரிசையில் பூட்டுச் சின்னம் வரும். திறக்கவும் அதே பட்டன், அதே இரண்டு விநாடி.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். சேனல் முறையில் இருக்கும்போது #-ஐச் சட்டென்று தட்டிவிட்டு எடுத்தால் லாக் விழாது, ஒலிபரப்பு சக்தி குறைந்த நிலைக்கு மாறிவிடும். கையுறை போட்ட விரலுக்கு அழுத்திய நேரம் சரியாகத் தெரியாது. பூட்டிவிட்டோம் என்று நினைத்து இடுப்பில் மாட்டிக்கொள்வார்கள். பள்ளத்தின் அடியிலிருந்து கூப்பிட்டால் மேலே கிரேன்காரருக்குக் கேட்காது, பேட்டரி போச்சு என்று சண்டை வரும். திரையில் 'எல்' என்ற எழுத்து தெரிந்தால் விஷயம் இதுதான். ஆகவே விரலை நம்ப வேண்டாம், பூட்டுச் சின்னம் வந்ததா என்று கண்ணால் பார்த்துவிட்டு மாட்டச் சொல்லுங்கள்.

சேனல் தானாக மாறுவதாகத் தெரிந்தாலும் பெரும்பாலும் பட்டன் உரசலால் வருவதுதான். இடுப்புப் பட்டையோ கல்லோ ஆரஞ்சு நிற விஎஃப்ஓ/எம்ஆர் பட்டனை அழுத்தினால் செட் சேனல் முறையை விட்டு அலைவரிசை முறைக்குப் போய்விடும். நட்சத்திரக் குறி பட்டன் இரண்டு விநாடி அமுங்கினால் ஸ்கேன், அதாவது சேனல்களை ஒவ்வொன்றாகத் தேடுவது, ஓட ஆரம்பிக்கும். ஏ/பி பட்டன் பட்டால் மேல் வரிசைக்குப் பதில் கீழ் வரிசையில் பேசிக்கொண்டிருப்பீர்கள். திரையில் இரண்டு வரிசையும் தெரிவதால் இது சட்டென்று பிடிபடாது. இந்த மூன்றையும் லாக் தடுத்துவிடும்.

ஆனால் லாக் கடைசி வேலையாக இருக்க வேண்டும், ஏனென்றால் தப்பான நிலையில் பூட்டினால் அந்தத் தப்புதான் நாள் முழுக்க நிற்கும். காலையில் செட்டை ஆன் செய்ததும் சேனல் எண்ணைப் பாருங்கள், அம்புக்குறி மேல் வரிசையில் இருக்கிறதா பாருங்கள், வால்யூமைக் கூட்டுங்கள், கிரேன்காரரோடு ஒரு தடவை பேசிப் பாருங்கள். பிறகு பூட்டுங்கள். இரண்டு வரிசையிலும் கேட்க வேண்டிய தேவை இல்லையென்றால் 7-ஆம் மெனுவை ஆஃப் செய்துவிடுவதே நல்லது, பாதிக் குழப்பம் அதோடு தீரும்.

தினமும் ஆறு பேருக்கும் ஞாபகப்படுத்த முடியாது என்றால் தானியங்கி லாக் இருக்கிறது. மெனு பட்டன், 2, 4, மறுபடி மெனு, அம்புக்குறியால் ஆன், மெனு, கடைசியில் எக்ஸிட். அதன்பின் 8 விநாடி பட்டனைத் தொடாமல் இருந்தால் தானாகப் பூட்டிக்கொள்ளும். குவாரிக்கு இதைத்தான் நான் சொல்வேன். ஒரே நிபந்தனை, # பட்டன் நன்றாக வேலை செய்ய வேண்டும். அது தேய்ந்தோ தூசி அடைத்தோ போன செட்டில் இதைப் போட்டால் கையால் திறக்க வழியிருக்காது. கணினியில் கேபிள் மாட்டி சிர்ப் மென்பொருளில்தான் அந்த அமைப்பை நீக்க வேண்டியிருக்கும்.

இனி லாக் பூட்டாதவை. பக்கவாட்டில் உள்ள 'கால்' பட்டனைத் தட்டினால் எஃப்எம் பாட்டு, அழுத்திப் பிடித்தால் அலாரம். லாக் போட்டிருந்தாலும் இரண்டும் வரும். மற்ற செட்டுகளில் அந்த அலாரம் அலறக்கூடாது என்றால் 32-ஆம் மெனுவில் 'சைட்' (SITE) என்று வையுங்கள், சத்தம் அந்த ஒரு செட்டோடு நிற்கும். 'மோனி' பட்டன் பட்டால் டார்ச் எரியும், பகல் வெயிலில் யாரும் கவனிக்க மாட்டார்கள், சாயங்காலம் பேட்டரி இருக்காது. 4-ஆம் மெனுவான வாக்ஸ், அதாவது சத்தம் கேட்டாலே தானாக ஒலிபரப்பும் வசதி, கட்டாயம் ஆஃபில் இருக்கட்டும். அது ஆனில் இருந்தால் கம்ப்ரசர் சத்தத்துக்கே செட் ஒலிபரப்பத் தொடங்கிவிடும், லாக் அதற்குக் குறுக்கே நிற்காது.

பிடிடி மாட்டிக்கொள்வது எல்லாவற்றையும் விட மோசம். கல்தூள் ரப்பருக்கடியில் சேர்ந்து பட்டன் உள்ளேயே நின்றுவிட்டால், ஒரு செட் சேனலையே அடைத்துவிடும். பிளாக்கைத் தூக்கும் நேரத்தில் சிக்னல்மேன் 'நிறுத்து' என்று கத்தினாலும் கிரேனுக்குப் போகாது. மேலே சிவப்பு விளக்கு அணையாமல் எரிந்தால் அந்த செட்தான் காரணம். 9-ஆம் மெனுவில் 60 விநாடி வைத்தால் அதற்கு மேல் தொடர்ந்து ஒலிபரப்பாது. வாரம் ஒருமுறை பேட்டரியைக் கழற்றிவிட்டு, மென்மையான பிரஷ்ஷால் பட்டன் ஓரங்களைத் தட்டி, லேசாக ஈரமாக்கிய துணியால் துடையுங்கள். கம்ப்ரசர் காற்றை அடிக்காதீர்கள், தூசி இன்னும் உள்ளே போகும். பெட்ரோல், தின்னர் ரப்பரைக் கெடுத்துவிடும்.

வெடி வைக்கும் இடத்துக்கு இன்னொன்று. மின்சார டெட்டனேட்டர் இணைக்கும் இடத்தில் கீபேட் லாக் எந்தப் பாதுகாப்பும் தராது. பிடிடி திறந்தே இருக்கிறது, கை தவறிப் பட்டாலே ஒலிபரப்பு. அந்த ரேடியோ அலை டெட்டனேட்டர் வயரில் மின்சாரத்தைத் தூண்டக்கூடும். வெடி வைப்பவர் (பிளாஸ்டர்) சொல்லும் எல்லைக்குள் போகும் ஆள் செட்டை அணைத்து, வெளியே இருப்பவரிடம் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். இதில் தயவுசெய்து விட்டுக்கொடுக்காதீர்கள்.

வேறு செட் வாங்கினால்: மோட்டோரோலா டாக்கபவுட் வகையில் பூட்டுப் படம் போட்ட மெனு பட்டனைச் சின்னம் வரும்வரை பிடிக்க வேண்டும். அதிலும் பேசுவது, கேட்பது, அழைப்பு ஒலி அனுப்புவது பூட்டப்படாது. கென்வுட், ஹைட்டெரா தொழில்முறை செட்டுகளில் லாக் எந்த பட்டனில் என்பதை புரோகிராம் செய்பவர்தான் அமைப்பார், விற்கும்போதே கேட்டு வாங்குங்கள். எண் பட்டனே இல்லாத பிஎஃப்-888எஸ் போன்றவற்றில் பூட்ட கீபேடே கிடையாது, சேனல் மாறுவது மேலே உள்ள குமிழால். குமிழ் இருக்க வேண்டிய இடத்தைப் பெயின்ட் புள்ளியால் குறித்து வையுங்கள்.

யூவி-5ஆர் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்தியாவில் உரிமம் இல்லாமல் பேசலாம் என்று 2018 விதிகள் அனுமதிப்பது 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான குறைந்த சக்தி செட்டுகளைத்தான், அவற்றுக்கும் ஈடிஏ எனப்படும் வகை ஒப்புதல் வேண்டும். யூவி-5ஆர் அந்த அலைவரிசையைத் தாண்டியும் அதிக சக்தியிலும் ஒலிபரப்பும் என்பதால் இந்த விலக்கில் வராது. தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவில் குவாரியின் பெயரில் உரிமம் இல்லையென்றால், அடுத்து வாங்கும்போது ஈடிஏ சான்று உள்ள 446 செட்டாகப் பார்த்து வாங்குங்கள். பெட்டியில் 'லைசன்ஸ் ஃப்ரீ' என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பாமல் சான்று எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.