கூட்டத்தன்று படுத்துவிடும் பிரச்சாரத் தளம்: பெரிய சர்வர் வேண்டாம்

கூடலூர் வேட்பாளரின் தளம், தலைவர் பேசிய அன்று மாலை '508' காட்டி நின்றுவிட்டது, பெரிய சர்வர் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் சார். பல தளங்கள் ஒரே சர்வரைப் பகிர்ந்துகொள்ளும் ஷேர்டு ஹோஸ்டிங்கில் உங்கள் கணக்குக்கு ஒதுக்கிய வளம் தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான் அந்த 508. உங்கள் தளத்தில் இருப்பதோ வாக்குறுதிகள், படங்கள், சுற்றுப்பயண விவரம். ஒவ்வொருவர் வரும்போதும் தளத்தை இயக்கும் வேர்ட்பிரஸ் மென்பொருள் டேட்டாபேஸைத் தட்டி எழுப்ப இதில் என்ன இருக்கிறது? முன்கூட்டியே தயாரித்துவைத்த ஸ்டாட்டிக் பக்கங்களாக்கி, கிளவுட்ஃபிளேர் போன்ற சிடிஎன்னில் (பல ஊர்களில் நகல் வைத்து வழங்கும் சர்வர் வலையமைப்பு) ஏற்றுங்கள். அதன் இலவசத் திட்டத்திலேயே பொய்க் கோரிக்கைகளைக் குவித்துத் தளத்தை முடக்கும் டிடாஸ் தாக்குதலுக்குப் பாதுகாப்பு உண்டு. பழைய சர்வரை வைத்துக்கொள்வதானால் அதன் ஐபியை (இணையத்தில் அதன் முகவரி எண்) மாற்றுங்கள். தெரிந்த ஐபி என்றால் சிடிஎன்னைத் தாண்டி நேரே அங்கே அடிப்பார்கள்.

முகப்பில் இருக்கும் தலைவர் படம் எத்தனை எம்பி என்று பாருங்கள். பந்தலூர் தேயிலைத் தோட்ட லயன் வீட்டில் ஒற்றைக் கோடு சிக்னலில் திறப்பவர், முகம் பாதி தெரிவதற்குள் மூடிவிடுவார். வெப்பி (WebP) என்ற, இடம் குறைவாகப் பிடிக்கும் பட வடிவமாக்கி 100 கேபிக்குள் கொண்டுவாருங்கள்.

ஹோஸ்டிங்கைவிட டொமைன்தான், அதாவது தளத்தின் இணையப் பெயர்தான், எனக்குக் கவலை. யாரோ ஒரு தன்னார்வலர் பெயரில் இருந்தால், அவர் கோபித்துக்கொண்டு போகும் நாளில் தளமும் கூடவே போய்விடும். இன்றைக்கே வேட்பாளர் பெயருக்கு மாற்றி, அந்த டொமைன் கணக்குக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பும் போட்டுவிடுங்கள்.

பில்களைப் பத்திரப்படுத்துங்கள். இணையப் பிரச்சாரச் செலவும் வேட்பாளரின் தேர்தல் செலவுக் கணக்கில் வர வேண்டும் என்று தேர்தல் ஆணையம் 2013-லேயே சொல்லிவிட்டது.