பென்னட் கல்லூரி சின்னக் கல்லூரிதானே, ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

சின்னதுதான். அமெரிக்காவின் வட கரோலினாவில், கிரீன்ஸ்பரோ ஊரில், 1873-இல் ஒரு மெதடிஸ்ட் தேவாலயத்தின் பூச்சுகூடப் பூசாத நிலவறையில், அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்களுக்காகத் தொடங்கியது. 1926-இல் கறுப்பினப் பெண்களுக்கான கல்லூரியானது. அந்நாளில் அதன் மாணவிகள் கடைத்தெருவுக்குப் போவதென்றால் தொப்பியும் கையுறையும் அணிந்துதான் போவார்கள், அவ்வளவு கட்டுப்பாடு. அந்தப் பெண்கள்தான் 1960-இல், கறுப்பினத்தவருக்கு உணவு மேசையில் பரிமாற மறுத்த வுல்வொர்த் கடையில் நடந்த உள்ளிருப்புப் போராட்டத்திலும் போய் உட்கார்ந்தார்கள்.

1958-இல் மார்ட்டின் லூதர் கிங் பேச ஊரில் வேறு யாரும் இடம் தராதபோது, கல்லூரித் தலைவர் வில்லா பிளேயர் வளாகத் தேவாலயத்தைத் திறந்துவிட்டார். எனக்கு அதைவிட நெஞ்சைத் தொடுவது 1963. இனப் பாகுபாட்டை எதிர்த்துப் போராடி மாணவிகள் கூட்டங்கூட்டமாகச் சிறை சென்றபோது, பிளேயர் தினமும் போய்ப் பார்த்தார். சிறையிலேயே பாடமும் தேர்வும் நடக்க ஏற்பாடு செய்தார்.