சுவர் ஸ்டைலைத் திருத்திய பிறகும் சில சுவர்களின் அகலம் மாறவில்லையே, ஏன்?

உங்கள் கேள்வியிலிருந்து நான் புரிந்துகொண்டது இது: கட்டட வரைபடம் வரையும் ஆட்டோகேட் ஆர்க்கிடெக்சர் மென்பொருளில் 230 மி.மீ. செங்கல் சுவர்களை வரைந்து முடித்துவிட்டீர்கள். பிறகு 200 மி.மீ. பிளாக் சுவர் என்று முடிவு மாறியிருக்கிறது. ஸ்டைலை (சுவரின் அடுக்குகளையும் அவற்றின் அளவுகளையும் வரையறுக்கும் அமைப்பு) திருத்தியதும் சில சுவர்கள் மாறின, சில அசையவே இல்லை. வேறு சிலவற்றில் அகலப் பெட்டி சாம்பல் நிறமாகி எதையும் ஏற்க மறுக்கிறது. வெளிச்சுவர் ஒன்று மனைக்கோட்டிலிருந்து நகர்ந்தும் விட்டது.

மென்பொருளைக் குறை சொல்ல இதில் எதுவும் இல்லை. ரெவிட் என்ற இன்னொரு கட்டட வடிவமைப்பு மென்பொருளில் பழகியவர்கள்தான் இங்கே அதிகம் தடுமாறுவார்கள். அங்கே சுவரின் அகலம் அதன் வகைக்குச் சொந்தம். இங்கே அது ஸ்டைலிலும் இருக்கலாம், ஒவ்வொரு சுவரிடமும் தனித்தனியாகவும் இருக்கலாம். எங்கே இருக்கிறது என்று தெரியாமல் எண்ணை மாற்றிக்கொண்டே போனால் மாலை வரை மாற்றிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

ஸ்டைல் மேனேஜரில் அந்த ஸ்டைலைத் திறந்து காம்போனென்ட்ஸ் பக்கத்துக்குச் செல்லுங்கள். ஒவ்வொரு அடுக்குக்கும் ஓர் அகலமும் ஓர் எட்ஜ் ஆஃப்செட்டும் (சுவரின் அடிக்கோட்டிலிருந்து அந்த அடுக்கு எவ்வளவு தள்ளித் தொடங்குகிறது என்ற அளவு) இருக்கும். எல்லா அடுக்குகளுக்கும் அகலம் வெறும் எண்ணாக இருந்தால் அது நிலையான ஸ்டைல். அதில் வரைந்த சுவர்களின் ப்ராப்பர்டீஸ் பலகத்தில் அகலப் பெட்டி சாம்பலாகத்தான் இருக்கும், ஸ்டைலில் மாற்றினால்தான் மாறும். ஏதாவது ஓர் அடுக்கின் அகலம் ‘பேஸ் விட்த்’ (அடிப்படை அகலம்) என்ற சூத்திரத்தில் இருந்தால், அந்த அளவு சுவரிடமே சேமிக்கப்படுகிறது. அப்போது ஸ்டைலில் மற்ற அடுக்குகளைத் திருத்தினாலும் செங்கல் 230-லேயே நிற்கும். சுவர்களைத் தேர்ந்தெடுத்துப் ப்ராப்பர்டீஸில் 200 என்று இட வேண்டும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. செங்கலுக்கு ஆஃப்செட் 0, அகலம் பேஸ் விட்த். வெளிப்பூச்சுக்கு ஆஃப்செட் பேஸ் விட்த், அகலம் 15. உட்பூச்சுக்கு ஆஃப்செட் -12, அகலம் 12 என்று வைத்துக்கொள்ளுங்கள். 230 இட்டால் மொத்தச் சுவர் 257 வரும். அளந்து பார்த்து 257 என்பதையே அகலப் பெட்டியில் இடுபவர்களுக்கு 284 கிடைக்கும். பெட்டி கேட்பது பேஸ் விட்த்தை, பூச்சு சேர்ந்த மொத்த அகலத்தை அல்ல. வெளிப்பூச்சின் ஆஃப்செட்டில் சூத்திரத்துக்குப் பதிலாக 230 என்று நேரடியாக எழுதிவைத்த ஸ்டைல்களும் உலவுகின்றன. செங்கல் 200 ஆனதும், அதற்கும் பூச்சுக்கும் நடுவே 30 மி.மீ. இடைவெளி அப்படியே நிற்கும்.

பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் சுவர்களில் பாதி மட்டும் மாறியிருந்தால், அவை இரண்டு வேறு ஸ்டைல்களில் இருக்கின்றனவா என்று பாருங்கள். வேறு கோப்பிலிருந்து ஸ்டைலைக் கொண்டுவரும்போது பெயர் மோதினால், பெயருக்குப் பின் (2) சேர்ந்து இன்னொரு ஸ்டைலாக வந்திருக்கலாம். இரண்டையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்தால் ப்ராப்பர்டீஸில் ஸ்டைல் பெயருக்குப் பதிலாக ‘வேரீஸ்’ என்று காட்டும். எக்ஸ்ரெஃப் ஆக, அதாவது வெளிக் கோப்பாக, இணைத்த கோப்பில் இருக்கும் சுவரை மூலக் கோப்பில்தான் மாற்ற முடியும்.

அலுவலகத்தின் பொதுக் கோப்பில் ஸ்டைலைத் திருத்திவிட்டு, டூல் பேலட்டிலிருந்து (சுவர் ஸ்டைல்களைத் தேர்ந்து வரைய உதவும் கருவிப் பலகம்) மறுபடி வரைந்தாலும் பழைய அகலமே வருகிறதா? வரைபடத்தில் அதே பெயரில் ஒரு ஸ்டைல் ஏற்கெனவே இருந்தால் அதற்கே முன்னுரிமை. பேலட்டில் அந்த டூலை வலது கிளிக் செய்து ‘ரீ-இம்போர்ட்’ கொடுங்கள். டூலின் ப்ராப்பர்டீஸிலேயே ஓர் அகலம் எழுதப்பட்டிருக்கலாம், அதையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

நகர்ந்த வெளிச்சுவருக்குக் காரணம் ஜஸ்டிஃபை, அதாவது சுவரை வரைந்த கோடு அதன் நடுவிலா, ஒரு பக்கத்திலா என்ற அமைப்பு. சென்டர் என்று இருந்தால் 230-லிருந்து 200-க்குக் குறையும்போது பக்கத்துக்கு 15 மி.மீ. உள்வாங்கும். மனைக்கோட்டை ஒட்டிய சுவருக்கு, வெளிமுகம் எந்தப் பக்கமோ அதற்கேற்ப லெஃப்ட் அல்லது ரைட் வைத்துக்கொண்டு பிறகு அகலத்தை மாற்றுங்கள். ஜஸ்டிஃபையை மாற்றினாலே சுவர் குதிக்கலாம். ஆகவே வெளிமுகத்தில் முதலில் ஒரு கோடு போட்டு வைத்துக்கொள்வது நல்லது.

என்னைக் கேட்டால், அனுமதி வரைபடங்களுக்கு 230, 200, 115 என்று தனித்தனி நிலையான ஸ்டைல்களே மேல். ‘செங்கல் 230’ என்ற பெயரில் 200 மி.மீ. சுவர்கள் திரிந்தால் அளவுப் பட்டியல் எடுப்பவர் உங்களைத்தான் திட்டுவார். வடிவமைப்பு இன்னும் ஆடிக்கொண்டிருக்கும் கட்டத்தில் மட்டும் பேஸ் விட்த் கைகொடுக்கும்.

அகலம் சரியான பிறகு கதவு நிலைகளையும் பாருங்கள். கதவு ஸ்டைலின் டைமென்ஷன்ஸ் பக்கத்தில், சுவர் அகலத்துக்கு ஏற்ப நிலையைத் தானே சரிசெய்யும் ‘ஆட்டோ-அட்ஜஸ்ட்’ பெட்டி ஒன்று இருக்கிறது. அதில் டிக் இல்லாவிட்டால் நிலை பழைய ஆழத்திலேயே நின்று சுவருக்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கும்.